பேர்ணடெற் வீட்டுப் பேஸ்மென்ட்

ரொறன்ரோவில் சீமோனைத் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. அந்த ஊரில் அவன் கால் வைத்தே மூன்று மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. அப்படியிருக்க, யூனிவர்சிற்றி அவென்யூவின் ஓரத்தில், கொட்டும் மழைக்குள், குடையைச் சரித்துப் பிடித்தபடி வந்த ஒரு பெண் அவனுக்கு முன்னால் நின்று, "நீங்கள் பேசாலைச் சீமோன்தானே?" என்று கேட்டாள்.

"இல்லை. ஆள் மாறிப்போச்சு" என்றான் சீமோன்.

சந்தேகப்படுவதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. கடைக்காரன் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் தராசைப் பார்ப்பான். யாராவது சும்மா தேநீர் கொடுத்தால் மணந்து பார்த்துத்தான் வாயில் வைப்பான். பதினாறு வருடம் கப்பலில் கிடந்து, ஊருக்குப் போகும்போதெல்லாம் சோதனைச் சாவடிகளில் நின்று நின்று அவனுக்கு ஒட்டிக்கொண்ட குணம் அது.

அந்தப் பெண் போகவில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சிறிய சிலுவை, அழுது வீங்கிய கண்கள். "ஓரஞ்ச் மழைக்கோட்டோட வருவார், இடது புருவத்தில வெட்டுக்காயம் இருக்கும், கேட்டால் முதல்ல இல்லையெண்டுதான் சொல்லுவார் எண்டு வேரோனிக்கா சொன்னவா" என்றாள்.

சீமோன் விலகிப் போக எடுத்த காலை நிறுத்தினான். வேரோனிக்கா அவன் மனைவி. அவளும் பதினொரு வயது மகள் மெலனியும் வன்னியில், கடற்கரையோரம் மிஞ்சியிருந்த அந்தத் துண்டு நிலத்துக்குள் அகப்பட்டிருந்தார்கள். அவள் குரலை அவன் கேட்டு நாலு மாதமாகிவிட்டது. புருவத்துக் காயம் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த மழைக்கோட்டை அவன் கப்பலில் ஒரு பிலிப்பைன்ஸ்காரனிடம் இன்று காலைதான் கடன் வாங்கியிருந்தான்.

பிரேசிலில் இருந்து சீனி ஏற்றிவந்த கப்பல் அது. மழையில் சீனி இறக்க முடியாது, ஒரு வாளி தண்ணீர் உள்ளே போனாலும் பாகாகிவிடும். வெள்ளிக்கிழமையில் இருந்து மழை விடவில்லை, இன்று விடுமுறை வேறு. எனவே கப்டன் எல்லோரையும் ஐந்து மணிவரை கரையில் சுற்ற விட்டிருந்தார். "ஐந்துக்குப் பிறகு வராதவன் ஓடிப்போனவன்" என்று அவர் பொதுவாகத்தான் சொன்னார், ஆனால் பார்த்தது சீமோனை. இலங்கைத் தமிழன் என்றால் கனடாவில் குதித்து ஓடத்தான் வந்திருப்பான் என்பது கப்டனின் முடிவு.

சீமோன் ஓட நினைக்கவில்லை. ஊரைப் பார்க்கத்தான் நினைத்தான். ஆனால் அந்த ஊர் தொடக்கத்தில் இருந்தே அவனுக்குப் பிடிக்கவில்லை. உப்பு மணம் இல்லாத துறைமுகத்தை அவன் முன்பு கண்டதில்லை. ஏரித் தண்ணீர் சாம்பல் நிறத்தில், கடலைப்போல நடித்துக்கொண்டு, கற்சுவரில் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. ஈரத்தில் கறுத்துப்போன செங்கல் கட்டடங்களும், பூட்டிக் கிடந்த கடைகளும், ஆளில்லாத மூலைகளில் பச்சையும் சிவப்புமாக யாருக்கோ மாறிக்கொண்டிருந்த விளக்குகளும், தண்டவாளத்தில் தண்ணீரைச் சீறியடித்துக்கொண்டு வெறுமையாகப் போன ஸ்ரீற்கார் ட்ராமும் என்று எல்லாவற்றையும் தாண்டி நடந்தவனுக்கு, மழைச் சத்தத்துக்கு அடியில் தமிழ் கேட்டது. கோஷம். குப்பைப் பையைக் கிழித்துக் கோட்டாகப் போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கான தமிழர்கள் வீதியோரத்தில் இருந்தார்கள். சண்டை முடிந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள், அது பொய்ச் செய்தி என்று சிலர் கத்தினார்கள். அவன் யாருக்கும் பெயர் சொல்லவில்லை. கூட்டத்தில் படம் எடுக்கிறவர்கள் இருப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான்.

"என்ர பேர் பேர்ணடெற். அஜின்கோர்ட்டில வீடு" என்றாள் அந்தப் பெண். "எங்கட பேஸ்மென்ட் போனுக்கு வன்னியில இருந்து கோல் வருது, தம்பி. நாங்கள் அங்க கோல் எடுக்கிறதில்லை. அவைதான் எடுக்கினம். நேற்று உங்கட மனுசி எடுத்தவா. நாளைக்கு இந்த ரோட்டில நிப்பார், கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு அழுதவா."

"ஏன், என்னவாம்?"

"உங்கட்ட ஒரு சொல்லுக் கேக்கோணுமாம்."

அதற்குமேல் சீமோனால் மறுக்க முடியவில்லை, அவளுடைய வான் வண்டி நின்ற பக்கம் பின்னாலேயே நடந்தான். என்ன சொல் என்று அவனுக்குத் தெரியும்.

ஜனவரியில் வேரோனிக்கா விசுவமடுவில் இருந்து கோல் எடுத்திருந்தாள். சனம் ஆமிப் பக்கம் போகத் தொடங்கிவிட்டது, நாங்களும் போகட்டோ என்று கேட்டாள். அங்கே போகிற பொம்பிளைப் பிள்ளைகளைத் தனியே பிரிக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தான் அவன். சந்தேகம்தான், வேறென்ன. "நான் விசாரிச்சுச் சொல்லுறன். சொல்லுமட்டும் அந்த இடத்தை விட்டு அசையாத" என்றான். அவள் சரி என்றாள். மறுநாள் கப்பல் கிளம்பியது. அடுத்த துறைமுகத்தில் இறங்கி அவன் எடுத்தபோது லைன் செத்துப்போயிருந்தது. அந்தச் சொல்லை அவன் சொல்லவே இல்லை. வேரோனிக்கா சொல் தட்டாதவள். அதை நினைத்து நினைத்துத்தான் நாலு மாதமாக அவன் தூக்கமில்லாமல் கிடந்தான்.

வான் கதவு சாத்தியதும் பூட்டுகள் நாலும் ஒன்றாகக் கிளிக் என்று விழுந்தன. சீமோன் கைபிடியை மெல்ல இழுத்துப் பார்த்தான். திறக்கவில்லை. நெடுஞ்சாலையில் கண்ணாடி துடைப்பான் எவ்வளவு துடைத்தும் முன்னால் போகிற லொறியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. திரும்பிவர வழி தெரிய வேண்டுமே என்று அவன் வீதிப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தான். இவள் உளவு பார்க்கிறவளா? கப்பலில் இருந்து ஆட்களைப் பிடித்துப்போகிற கூட்டமா? எதையும் கேட்கவில்லையே, கேட்காதது ஏன்?

"அக்கா, இந்தக் கோட்டு இண்டைக்குக் காலமைதான் போட்டனான்" என்றான் கடைசியில். "நேற்று அவளுக்கு எப்படித் தெரியும்?"

பேர்ணடெற் வீதியைப் பார்த்தபடியே இருந்தாள். "அதெல்லாம் நான் யோசிக்கிறேல்லை, தம்பி. யோசிச்சால் அந்த வீட்டில இருக்கேலாது" என்றாள்.

வீடு சாதாரண வீடு. வாசலில் சப்பாத்துகள், திருஇருதயப் படம், குசினியில் தாளித்த மணம், ஹோலில் சத்தம் குறைத்துப் போட்டிருந்த தமிழ்த் தொலைக்காட்சி. அதற்கு முன்னால் இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். பேர்ணடெற் பேஸ்மென்ட் கதவைத் திறந்ததும் கீழே இருந்து குளிர் ஏறி வந்தது. பதின்மூன்று படிகள். எண்ணிக்கொண்டுதான் இறங்கினான். முதல் சில படிகளுக்குச் சவர்க்கார மணம் இருந்தது, பிறகு நனைந்த சீமெந்து மணம், கடைசிப் படிகளில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மணம் வந்து மூக்கில் முட்டியது. உப்பு. கடற்கரை மணல். அதோடு எதுவோ எரிந்த வாடை.

ஏரிக்கரையில் இல்லாத உப்பு இந்த வீட்டுக்குள் எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

யன்னல் இல்லாத நீள அறை. சுவர்களுக்கு மரப்பலகை அடித்திருந்தார்கள். ஒரு குழல்விளக்கு, நாலைந்து பிளாஸ்டிக் கதிரைகள், ஸ்ரூல் ஒன்றின்மேல் வயர் சுருண்ட பழைய தொலைபேசி. மூலையில் தண்ணீர்ப் பம்ப் ஒன்று நிமிடத்துக்கொரு தரம் இருமி, முனகி, நிலத்தடித் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு சாத்தியிருந்தது. கதிரையொன்றில் ராக்ஸி ஓட்டுகிறவர்கள் போடுகிற கம்பளி உடுப்போடு அறுபது வயது மனிதர் ஒருவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"மகேஸ்வரன் அண்ணை. இவருக்கு மகன் அங்க" என்றாள் பேர்ணடெற். "இருங்கோ தம்பி, மேல ரதியவை ரெண்டு பேரும் தனிய இருக்கினம், நான் அங்க நிக்கிறன்."

சீமோன் உட்காரவில்லை. தொலைபேசி வயரைக் கண்ணால் பின்தொடர்ந்தான். அது சுவரோரம் ஓடி, பலகைக்குள் புகுந்து மறைந்தது.

"பாக்கத்தேவையில்லை" என்றார் மகேஸ்வரன். "லைன் இல்லை. முந்தி இதுக்குள்ள குடியிருந்த பெடியன் ஜனவரியில வெட்டிப்போட்டுப் போனவன். நானும் முதல் நாள் உங்களைப்போலத்தான் நோண்டினன்."

"அப்ப எப்படி அடிக்குது?"

"அடிக்குது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு சொல்லுறன். பகலோ இரவோ எண்டு மட்டும் கேளாதையுங்கோ. அவைக்குத் தெரியேல்லை, கேட்டால் குழம்பிப் போவினம். எல்லாரும் ஒரே பங்கருக்குள்ளதான் இருக்கினமாம். போன கிழமை நாலு பேர் எண்டவன் மகன். முந்தநாள் முப்பது எண்டான். நேற்று எண்ணேலாது எண்டான். ஒரு பங்கருக்குள்ள எண்ணேலாத ஆக்கள் எப்பிடி இருக்கிறது, சொல்லுங்கோ?"

தொலைபேசி அடித்தது.

மகேஸ்வரன் எழும்பவில்லை. தாடையால் சீமோனைக் காட்டினார். "உங்களுக்குத்தான். எனக்கு அடிக்கேக்க வேற மாதிரி இருக்கும்."

சீமோன் எடுத்தான். முதலில் மழைச் சத்தம்போல ஒரு இரைச்சல். பிறகு பலர் நெருக்கமாக இருந்து மூச்சு விடும் சத்தம்.

"இஞ்சேருங்கோ" என்றது குரல்.

 நாலு மாதமாகக் கேட்கத் தவித்த குரல். ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் சீமோன் சீமோன்தானே. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேரோனி, நான் முதல்முதல் கப்பலுக்குப் போன மாதம் என்ன நடந்தது? உன்னட்ட மட்டும் சொன்னனான். அதைச் சொல்லு" என்றான்.

"உதென்ன சோதனை?" அவள் சிரித்தாள். "மீன்காரன்ர மகன் கப்பல் ஆட்டம் தாங்காமல் ஒரு மாதம் முழுக்கச் சத்தியெடுத்தவர். ஊருக்குத் தெரிஞ்சால் மானம் போம் எண்டு காய்ச்சல் எண்டு கடிதம் போட்டவர். இந்தச் சாட்சி காணுமோ?"

அவளேதான். அந்தச் சிரிப்பைக் கள்ளக்குரல் எடுத்துச் சிரிக்க உலகத்தில் எவளாலும் முடியாது. சீமோன் ஸ்ரூலுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டான். சுகமோ என்றான், சுகம் என்றாள். பிள்ளை எங்கே என்றான், மடியில் என்றாள்.

"சாப்பிட்டீங்களோ?"

"பசி இப்ப இல்லை" என்றாள். "நெரிசல்தான். புதுசு புதுசா வந்துகொண்டிருக்கினம். நாங்கள் தள்ளித் தள்ளி இருக்கிறம். இஞ்சேருங்கோ, நீங்கள் சொல்லுமட்டும் அசைய வேண்டாம் எண்டனீங்கள். நான் அசையேல்லை. எல்லாரும் போகேக்கயும் நான் போகேல்லை. இப்ப சொல்லுங்கோ. வெளிய வரட்டோ?"

அவனுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. அப்போது மூலையில் பம்ப் இருமியது. இருமி, முனகி, ஓடத் தொடங்கியது.

ரிசீவருக்குள்ளும் இருமியது. முனகி, ஓடத் தொடங்கியது.

 தற்செயலாக இருக்கும். மகேஸ்வரன் மூக்கை உறிஞ்சினார். ரிசீவருக்குள் மகேஸ்வரன் மூக்கை உறிஞ்சினார். மேலே ஹோலில் யாரோ கதிரையை இழுத்தார்கள். அந்தச் சத்தம் தொலைபேசிக்குள் இன்னும் கிட்டத்தில் கேட்டது.

"இருக்கிறீங்களோ?" என்றாள் வேரோனிக்கா.

அப்படியா கதை! சந்தேகம் அவனுக்குள் பெற்றோல் பட்ட நெருப்பாகக் குப்பென்று எழுந்தது. பக்கத்து அறையில் ஒருத்தியை இருத்தி வைத்துக்கொண்டு கூத்துக் காட்டுகிறார்கள். யார் இவர்களுக்குச் சத்தியெடுத்த கதையைச் சொன்னது? அதைப் பிறகு பார்ப்போம். ரிசீவரை ஸ்ரூலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு எழுந்தான்.

"தம்பி, அதுக்குள்ள ஃபேர்னஸ் மட்டும்தான்" என்றார் மகேஸ்வரன்.

சீமோன் சின்னக் கதவை ஒரே இழுவையாகத் திறந்தான்.

ஃபேர்னஸ் மட்டும்தான். வீட்டைச் சூடாக்குகிற ஆள் உயரத் தகரப் பெட்டி, குழாய்கள், ஒரு வாளி, துடைப்பம். பின்சுவர் வெறும் சீமெந்து. ஒரு பூனை படுக்கவும் இடமில்லை. அவன் வெட்கத்தோடு நின்றான். வெட்கத்துக்குள் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. கதவைச் சாத்தினான்.

மேலே தொலைக்காட்சிச் சத்தம் திடீரென்று கூடியது. செய்தி வாசிக்கிற ஓர் ஆணின் குரல், ஒரே சீராக. அதற்குமேல் ஒரு பெண்ணின் அலறல். பிறகு இரண்டு பெண்கள். பேர்ணடெற் மாதாவே மாதாவே என்று கத்துவது படிகளால் இறங்கி வந்தது. மகேஸ்வரன் கண்களை மூடினார். "முடிஞ்சுதாம்" என்றார். "ஒருத்தரும் மிச்சமில்லையாம்."

சீமோன் ஓடிப்போய் ரிசீவரை எடுத்தான்.

"கதவைத் திறந்தது நீங்களோ?" என்று கேட்டாள் வேரோனிக்கா. "வெளிச்சம் வந்தது."

அவன் ரிசீவரைக் காதோடு அழுத்தினான்.

"வெளியில சத்தம் எல்லாம் நிண்டிட்டுது, கேக்குதோ? ஒரு ஷெல்லும் இல்லை. இவ்வளவு அமைதியா ஒரு நாளும் இருந்ததில்லை. எல்லாரும் என்னைத்தான் பாக்கினம். சொல்லுங்கோவன்."

யோசி என்றது அவன் புத்தி. இவள் எங்கே இருந்து பேசுகிறாள் என்று யோசி. யாரோடு இருக்கிறாள் என்று யோசி. பசி இல்லை என்றாளே, அதை யோசி. ஆனால் நாலு மாதமாக நெஞ்சுக்குள் அழுகிக் கிடந்த சொல் அது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது சந்தேகப்படாமல் இருந்திருந்தால் மகள் பிழைத்திருப்பாள். அவன் இருந்த துக்கத்தில் வேறெதுவும் பெரிதாகப்படவில்லை.

"வா" என்றான்.  "வா வேரோனி. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளிய வா."

"மற்றாக்கள்?"

"எல்லாரும் வாங்கோ."

"கேட்டியே மெலனி" என்றாள் அவள், வேறு பக்கம் திரும்பிய குரலில். "அப்பா சொல்லிட்டார்."

தொலைபேசி செத்தது. வெறும் பிளாஸ்டிக்.

ஃபேர்னஸ் அறைக் கதவு தானாகத் திறந்திருந்தது.

சீமோன் போனான். போகாமல் இருக்க முடியவில்லை. வாசலில் நின்று பார்த்தான்.

சீமெந்துச் சுவர் அங்கே இல்லை. மூட்டைகள். தரையில் இருந்து கூரைவரை, நனைந்த மணல் மூட்டைகள். சாக்கு இல்லை, சேலைகள். ஷெல்லுக்குத் தடுப்பு வைக்கச் சாக்கு இல்லாமல் சனம் சேலைகளை வெட்டித் தைத்ததாகச் செய்தியில் கேட்டிருக்கிறான். நைலெக்ஸ், பருத்தி, பட்டு. பூப்போட்டது, கரைபோட்டது. நடுவில் ஒன்று அரக்குச் சிவப்பு, சரிகை போட்டது. கலியாணத்தன்று பேசாலைக் கோயிலில் அவள் உடுத்தி நின்ற கூறை. அவளுடைய சின்னத் தையல். அதில் இருந்து தண்ணீர் சொட்டியது.

அந்த மூட்டை அசைந்தது.

உள்ளே இருந்து யாரோ இழுக்கிறார்கள். மெல்ல. கரகரவென்று மணல் கொட்டியது. மூட்டை உள்ளே போனது. அது இருந்த இடத்தில் ஒரு துளை. இருட்டு. அந்த உப்பு மணம், எரிந்த வாடை, முகத்தில் அடித்தது.

பின்னால் பலகை முறிந்தது. சீமோன் திரும்பினான். மகேஸ்வரன் சுவரோடு முழந்தாளில் இருந்து, மரப்பலகையை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தார். "வா ராசா, வா ராசா." பிய்த்த இடத்தில் சேலை தெரிந்தது. மற்றச் சுவரிலும் பலகை தானாகப் பிதுங்கியது. அடுத்ததிலும். நாலு சுவரும்.

ஓடு. பதின்மூன்று படி. ஓடு.

கால் வரவில்லை.

குனிந்து பார்த்தான். துளைக்குள் இருந்து ஒரு கை தரைவரை நீண்டு வந்திருந்தது. சின்னக் கை. நகங்களுக்குள் மணல். அது அவன் கணுக்காலைப் பிடித்திருந்தது. சில்லென்று. இறுக்கமாக.

"மெலனி?" என்றான்.

 பிடி இறுகியது. அந்தக் கையின் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்திருந்தது. கண்ணாடி வளையல் போட்ட பெண் கை. அதன் மணிக்கட்டை ஒரு கிழவரின் கை. அதை ஒரு குழந்தைக் கை. அதை விரல் இல்லாத ஒரு கை. ஒன்றை ஒன்று பிடித்தபடி கைகள் துளைக்குள்ளே, இருட்டுக்குள்ளே, கண் எட்டும் தூரம்வரை போயின. எல்லாம் சேர்ந்து இழுக்கத் தொடங்கின.

எங்கோ மிக உள்ளே இருந்து வேரோனிக்காவின் குரல் கேட்டது. சனத்தை வழிநடத்துகிற குரல். பொறுமையான குரல்.

"ஒராளின்ர கையை ஒராள் விடாதையுங்கோ" என்றாள். "முன்னுக்கு அவர் நிக்கிறார்."